முதல் சீட்டு பிள்ளையாருக்கு

லாட்டரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். இதை மேடைகளில் சொல்வதில்லை. சொன்னால், சூதாட்டத்தை எதிர்க்கும் உத்தமர் என்று யாராவது எழுந்து பொன்னாடை போர்த்திவிடுவார்கள். நான் உத்தமன் இல்லை. இருபத்தாறு வயதில் நான் அதற்கு அதிகாரியாக இருந்தவன். குமட்டல் அங்கிருந்து வந்தது.

அதிகாரி என்பதும் கொஞ்சம் ஊதிய சொல்தான். மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளநிலைக் கிராணி, அதாவது குமாஸ்தா. சங்கங்களும் கிளப்புகளும் நற்காரியத்துக்காக நடத்தும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்குப் பெர்மிட் கொடுக்கும் மேசை என்னுடையது. மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆட்டம் காணாமல் இருக்கப் பழைய விதிமுறைப் புத்தகத்தை அந்தக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்கள். புதிய விதிமுறை மேசைக்கு மேலே இருந்தது. இரண்டுக்கும் நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த வேலை கொடுத்தாலும் அதைப் பற்றி உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கையை வைப்பேன் என்ற வியாதி அப்போது எனக்கு உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகன் பேனா பிடித்து உட்கார்ந்தால் வரும் வியாதி அது. அதனால் லாட்டரியைப் பற்றியும் படித்தேன். ஸ்பெயினில் அனாதை விடுதிப் பிள்ளைகளை நிறுத்தி எண்களைப் பாட்டாகப் பாடவிடுவார்களாம். அயர்லாந்தில் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்கிறோம் என்று நர்ஸ் உடுப்புப் போட்ட பெண்களை வரிசையாக நடக்கவிட்டு, பெரிய உருளையிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்வார்களாம். நம் சென்னையிலேயே கம்பெனிக்காரன் காலத்தில் லாட்டரி நடத்திச் சாலை போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரன் ஒரு காலத்தில் ஒழுக்கம் கெடுகிறது என்று அரசாங்க லாட்டரியை மூடியவன். எங்களுக்குச் சுதந்திரம் கொடுத்த அதே வருஷம் தன் ஊரில் ஒரு மின்சார இயந்திரத்தை வைத்து எண் எடுக்க ஆரம்பித்தான், அதற்குச் சேமிப்பு என்று பெயரும் வைத்தான். எல்லா ஊரிலும் கதை ஒன்றே: முன்னால் ஓர் அனாதையையோ நோயாளியையோ நிறுத்து, பின்னால் பெட்டியைக் குலுக்கு. நாங்கள் மட்டும் ஒரு படி மேலே போய்ப் பிள்ளையாரை நிறுத்தினோம்.

எங்கள் பெர்மிட்டின் பின்பக்கம் நிபந்தனைகள் அச்சாகியிருக்கும். இன்றும் மனப்பாடம். சீட்டுக்கும் அடிச்சீட்டுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். வாங்கியவர் பெயரும் முகவரியும் அடிச்சீட்டில் இருக்க வேண்டும். பணம் கட்டாத சீட்டு பெட்டிக்குள் போகக்கூடாது. போய்ப் பரிசும் விழுந்துவிட்டால் அது செல்லாது, அந்தப் பரிசுக்கு மறுபடி குலுக்க வேண்டும். சீட்டு வைத்திருக்கும் யாரும் ஏழு நாளுக்குள் எங்கள் அலுவலகத்தில் முறையிடலாம். சம்பந்தமில்லாத ஒருவர் பொதுமக்கள் முன்னால் சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சம்பந்தமில்லாத ஒருவர் பெரும்பாலும் நான்தான். கையைக் கழுவிக்கொண்டு போவேன். அதை நான் ஒரு கடமையாக நினைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

காஜா பேராங்கில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று இருந்தது. சங்கம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, பத்து நாற்காலி, வாசலில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். மெர்டேக்கா வருகிறது, நாடு சுதந்திரம் அடையப்போகிறது, நமக்கும் ஒரு கல்மண்டபம் வேண்டாமா என்று கிளம்பினார்கள். தலைவர் அரிசிக்கடை முதலாளி; முதலாளியை எங்கள் ஊரில் தவுக்கே என்போம். குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டார், பெர்மிட் கொடுத்தேன். முதல் பரிசு காலால் மிதிக்கும் தையல் மிஷின். இரண்டாம் பரிசு சைக்கிள். மூன்றாம் பரிசு சுவர்க்கடிகாரம். சீட்டு ஒன்று ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர்.

மிஷினைத் தவுக்கே தன் கடை வாசலிலேயே வைத்தார், சீட்டு விற்பனைக்காக. கறுப்பு உடம்பில் பொன் கொடி வரைந்து, சாயங்கால வெயிலில் அது மின்னும். அதைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் அறைக்குப் பின்னால் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் இருந்த அக்கா. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரு மகள். மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை தைத்துப் பிழைத்தவர். மலாக்காச் செட்டிகள் எங்கள் அப்பாக்கள் கப்பல் ஏறுவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இந்த ஊரில் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். அதில் நம் சொற்கள் சில அங்கங்கே மிதக்கும். அக்காவிடம் மிதந்த சொற்களில் ஒன்று 'தம்பி'. என் சட்டைப் பொத்தானெல்லாம் அவர் தைத்ததுதான். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். ஆகையால் பொத்தான் அடிக்கடி அறுந்தது என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை.

அவர் தைத்துக்கொண்டிருந்தது அண்ணியின் கைமிஷினில். அண்ணி குடும்பம் மெர்டேக்காவுக்கு முன்பே சிங்கப்பூருக்குக் குடிபோவதாக இருந்தது. மிஷினும் கூடப் போகும். போனால் இந்த அக்கா கிளேபாங்கில் கடற்கரையோரம் ஒரு பெரிய வீட்டில் துணி துவைக்கப் போக வேண்டும். அங்கேயே தங்க வேண்டும். மகளைத் தங்கை வீட்டில் விட வேண்டும். இதை அவர் என்னிடம் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில். பிறகு ஐந்து சீட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார். ஐந்து வெள்ளி அவருக்கு இரண்டு கெபாயாக் கூலி.

"விழுமா தம்பி?" என்று மலாயில் கேட்டார்.

"அதிர்ஷ்டம் யார் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?" என்றேன். அதிகாரி அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

குலுக்கலுக்கு முதல் நாள் அடிச்சீட்டுகளைச் சரிபார்க்கப் போனேன். சங்கத்தில் எனக்கு ரோஸ் தண்ணி, முறுக்கு, மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி. முதல் புத்தகத்தைத் திறந்தேன். எண் ஒன்று. பெயர்: பிள்ளையார். முகவரி: அரசமரத்தடி, காஜா பேராங். அடையாளக் கார்டு எண் என்ற இடத்தில் ஒரு கோடு. காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலம் அது, கார்டு இல்லாமல் பிடிபட்டால் போலீஸ் லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஊரிலேயே கார்டு இல்லாமல் தைரியமாக உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"தவுக்கே, இதுக்கு யார் காசு கட்டினது?"

"என்னா தம்பி கேள்வி இது? சாமிகிட்டபோயி காசு கேப்பாங்களா? கடையில மூட்டை பிரிச்சாகூட மொத பிடி சாமிக்குத்தான். மொத சீட்டும் அப்படித்தான். எங்கப்பா காலத்துல இருந்தே பழக்கம்."

"காசு கட்டாத சீட்டு பெட்டிக்குள்ள போகக்கூடாதே."

"போட்டும்லா. ஒரே ஒரு சீட்டு. எத்தனையோ சீட்டுல அதுவா வந்து மாட்டப்போவுது? எடுத்து வெளிய போட்டா அபசகுனம் தம்பி. அப்புறம் மண்டபம் எழும்பாது."

அந்த இடத்தில் நான் அந்தச் சீட்டைக் கிழித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், துரைகூடச் சிரிப்பார் என்று தோன்றியது. ஒரு நல்ல நகைச்சுவைக்காக எதையும் விட்டுக்கொடுப்பவன் நான். அந்தக் குணத்தை வைத்துத்தான் பின்னால் மேடைகளில் பிழைப்பே நடத்தினேன். அடிச்சீட்டின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. அரசமரத்தடியில் பந்தல். மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு நடுவில் கம்பி கோத்துக் கைப்பிடி வைத்த உருளை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நான் ஏறினேன். கடிகாரமும் சைக்கிளும் யாருக்கோ போயின. கடைசியாக முதல் பரிசு. உருளையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். கையை விட்டேன். அடியிலிருந்து எடுத்தால் நியாயம் அதிகம் என்று அடிவரை துழாவி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

எண் ஒன்று.

ஏதோ தந்திரம் நடந்தது என்று நினைக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். தந்திரம் எதுவும் இல்லை. கை என்னுடையது, எனக்கு அந்தத் திறமை கிடையாது. மோசடியாக இருந்திருந்தால் பிறகு எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. மோசடியை யாராவது செய்ய வேண்டும். இது தானாகவே நடந்தது. அதற்கு மேலே நடந்ததைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தோம்.

எண்ணைப் படித்ததும் தவுக்கே மேடையிலேயே விழுந்து கும்பிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். "பாத்தியா! நம்ம புள்ளையாருக்கே விழுந்துருச்சு!" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், ஏதோ அவர்களுக்கே விழுந்தமாதிரி. கூட்டத்தின் பின்பக்கம் நின்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் குரல் கொடுத்தார்.

"சாமிக்கு எதுக்குலா தையல் மிஷினு? மறுபடி குலுக்குங்க!"

"ஏய், வாயக் கழுவு!"

"நான் பத்து வெள்ளி குடுத்திருக்கேன்லா. சாமி எவ்ளோ குடுத்துச்சு?"

"சாமி கையில இருக்கறத புடுங்கணுமா? வா, நீயே வந்து புடுங்கு. நாங்க பாக்கறோம்."

டிரைவர் வரவில்லை. அப்போது எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். விதி என் நாக்கு நுனியில் இருந்தது: செல்லாது, மறுபடி குலுக்க வேண்டும். தவுக்கே என் காதருகே குனிந்தார். அவர் மிரட்டவில்லை; மிகவும் அன்பாகத்தான் பேசினார்.

"தம்பி, நீங்களே பாத்து 'சரி'னு எழுதியிருக்கீங்க. இப்ப சரியில்லேன்னா நாலு பேரு என்னா சொல்வாங்க? உங்க வேலைக்கில்ல ஆபத்து."

வேலை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம். எங்கள் துரை போவார், அவர் இடத்துக்குத் தலைமைக் கிராணி ஏறுவார், அப்படியே ஏறி ஏறி என் தலைக்கு மேலேயும் ஒரு நாற்காலி காலியாகும் நிலைமை. பட்டியலில் என் பெயர் இருந்தது. கடமையில் தவறியவர் என்ற ஒரு வரி போதும், என் பெயரை அடிக்க. நான் வாயை மூடிக்கொண்டு முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். நாடு விடுதலைக்குத் தயாரான விதம் பற்றிப் பலர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நான் தயாரான விதம் இது.

மிஷினைத் தூக்கிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து மாலை போட்டார்கள். ஊசிக்குமேல் சந்தனம் வைத்தார்கள். கூட்டம் கலையும்போது அக்கா என்னிடமும் தவுக்கேயிடமும் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு ஒன்றை முடித்துவிட்டவரின் தெளிவு இருந்தது.

"சாமி தைக்கமாட்டார் தம்பி," என்றார் மலாயில். "நான் தைக்கிறேன். மிஷின் இங்கேயே, சாமி பக்கத்திலேயே இருக்கட்டும். காலையில் வந்து முதலில் சாமிக்குத் துணி தைப்பேன். பிறகு என் வேலை. சாயங்காலம் பூட்டிவிட்டுப் போவேன். மாசம் ஒரு தொகை உண்டியலில் போடுவேன்."

அந்தக் கூட்டத்தில், என் பெர்மிட்டையும் நிபந்தனையையும் சேர்த்து, யாருக்கும் தோன்றாத புத்தி அது. அதை நான் தமிழில் சொன்னேன். தவுக்கே அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"பொம்பள கோயில்ல உக்காந்து தைக்கறதா? தீட்டு நாளுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதோட இவுங்க செட்டி ஆளுங்க தம்பி. தமிழே வாய்ல வராது. சங்கம் தமிழருக்கு."

ஐந்து வெள்ளியை எந்த மொழியில் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவுக்குத் தமிழ் பேசத்தான் வராது, புரியும். 'தமிழே வராது' என்பது நன்றாகவே புரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை அவர் என் அலுவலகத்துக்கே வந்தார். நல்ல கெபாயா, கொண்டையில் பூ. எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து, ஐந்து சீட்டையும் என் மேசைமேல் வரிசையாக வைத்தார். மேசை கொஞ்சம்கூட ஆடவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. பெர்மிட்டுக்குப் பின்னால் ஏதோ எழுதியிருக்கிறதாமே. சாமி காசு கொடுக்கவில்லை என்று பஸ்காரர் சொல்கிறார். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போகிறாள். கிளேபாங் வீட்டுக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்."

வழி இருந்தது. ஒரு தாள், என் பேனா, இரண்டு வரி. ஏழு நாள் முடிய இன்னும் இரண்டு நாள். மறுபடி குலுக்கினால் அவருக்கே விழுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக விழுந்திருக்காது. ஆனால் அவர் காசு கொடுத்து வாங்கியது மிஷினை இல்லை. விழலாம் என்ற வாய்ப்பை வாங்கினார். உலகத்தில் எந்த லாட்டரியும் விற்பது அதை ஒன்றைத்தான். அந்த ஒன்றை நாங்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

அந்தத் தாளில் ஒரு கேள்வி வரும்: அடிச்சீட்டைச் சரிபார்த்தவர் யார்?

"சட்டத்தில் இடமில்லை அக்கா," என்றேன்.

"பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்," என்றார். நம்பாமல் சொல்லவில்லை, நான் அவசரத்தில் மறந்திருக்கலாம் என்ற அக்கறையில் சொன்னார்.

புத்தகத்தைத் திறந்தேன். சரியான பக்கத்தைத்தான் திறந்தேன். விரலை வைத்து ஏழு நாள் என்ற வரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிறகு மூடினேன்.

"இல்லை அக்கா."

"பரவாயில்லை. சிரமம் கொடுத்துவிட்டேன்," என்று ஐந்து சீட்டையும் பழையபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். அவர் போன பிறகு நான் போய் இரண்டு முறை கையைக் கழுவினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கோப்பிக் கடைக்குப் போனேன். ரொட்டி சாப்பிட்டேன். பசித்தது.

மிஷின் பிள்ளையார் பக்கத்தில் சில வாரம் இருந்தது. மழைச்சாரலில் துருப்பிடிக்கிறது என்று பாதுகாப்புக்காகத் தவுக்கே வீட்டுக்குப் போனது. அங்கிருந்து, அவருடைய மகள் கல்யாணத்தில் சீர்வரிசையோடு லாரி ஏறிச் சிரம்பானுக்குப் போனது. சாமி பிரசாதம் என்றார்கள். விருந்துக்கு எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. போனேன். பாயசம் நன்றாக இருந்தது என்பதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மனித நாக்கைப் போல மானங்கெட்ட உறுப்பு வேறில்லை.

எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. சுதந்திர நாட்டுக்கு ஏற்றமாதிரி நிபந்தனைகளைத் திருத்தி எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. தெய்வங்களின் பெயரிலோ, இறந்தவர்களின் பெயரிலோ, அடையாளக் கார்டு இல்லாத எவருடைய பெயரிலோ சீட்டு எழுதலாகாது என்று ஒரு வரி சேர்த்தேன். நல்ல வரி என்று மேலே பாராட்டினார்கள். பகுத்தறிவுக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார். பக்தர்கள் சிலர் நாத்திகன் என்று திட்டினார்கள். இரண்டையும் பெற்றுக்கொண்டேன். ஒரு பொருளைத் திருடியவனைக் கூப்பிட்டு அந்த வீட்டுக்குப் பூட்டு செய்யச் சொன்னால் நல்ல பூட்டாகத்தான் செய்வான். எந்த இடம் பலவீனம் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று நாலு வருஷம் கழித்துக் கிளேபாங்கிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். விடுமுறை நாள், மகளைப் பார்க்கப் போகிறார். விரல்கள் சலவைச் சோடாவில் ஊறி வெளுத்து, நுனிகளில் வெடிப்பு விட்டிருந்தன. அந்த விரலில் ஊசி நிற்காது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். உடம்பு எப்படி, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். பிறகு ஞாபகம் வந்தவராகச் சொன்னார்.

"வீட்டுக்காரம்மா கிளப்பில் குலுக்கல் நடத்தினாள். சாமி பெயரில் சீட்டு எழுதக்கூடாது என்று பெர்மிட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறதாமே? உங்கள் ஆபீஸ்தானே?"

"நான்தான் எழுதினேன் அக்கா."

"அப்படியா!" அவர் முகம் மலர்ந்தது. "எனக்காகவா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். கடல் தெரிந்தது.

"அப்போது அப்படி ஒன்றும் சட்டம் இல்லையே, இல்லையா தம்பி?"

இரண்டாவது முறையும் வழி இருந்தது. இப்போது நாற்காலிக்கும் ஆபத்தில்லை, யாரும் கேள்வி கேட்கப்போவதும் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சல்லிகூடச் செலவில்லை.

"அப்போது இல்லை அக்கா."

"அதனால் என்ன. இனிமேல் யாருக்கும் அப்படி ஆகாது," என்று வெடித்த விரல்களால் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். சட்டைக் கையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்து, இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, விட்டுவிட்டார்.

என் நிறுத்தம் வர இன்னும் நேரம் இருந்தது. மணியை இழுத்து இறங்கிவிட்டேன்.